வீட்டுக்காரர் வர வேண்டாம்

'புதன்கிழமை பதினொரு மணிக்கு வாங்க. வழக்கம்போலப் பின்வாசல். வீட்டுக்காரர் வர வேண்டாம்.'

மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசியில் வந்து விழுந்தது அந்தச் செய்தி. அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் எண். சாப்பாட்டுப் பையோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கணவன் படித்துவிட்டு அப்படியே நின்றான்.

'வழக்கம்போல' என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. கொஞ்ச நாளாகவே சமையலறை அலமாரி காலியாவதில்லை. பருப்பு, எண்ணெய், பால்மாவு என்று நிறைந்தே இருக்கிறது. கேட்டால், "கடையில தள்ளுபடிங்க" என்பாள். புதன்கிழமை மாலைகளில் பார்த்தால் இஸ்திரி போட்ட உடுப்பில் இருப்பாள்.

'தள்ளுபடிக் கடைக்கு இஸ்திரி எதுக்கு?' என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

புதன்கிழமை வந்தது. பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தின் மறைவில் நின்று அவளைக் கண்காணித்தான். இந்த நேரத்தில் புருஷன் அச்சகத்தில் இருப்பான் என்ற தைரியம்தானே அவளுக்கு!

அவள் ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். இவனும் பூனை மாதிரிப் பின்னாலேயே போய் ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டான்.

உள்ளே சுருட்டைமுடி இளைஞன் ஒருவன் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள்.

வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! சிரிக்கும்படி தான் ஏதாவது பேசினோமா என்று அவன் யோசிக்கவில்லை. பொறாமை பிடித்த மனத்துக்கு அதெல்லாம் தோன்றாது. அவன் கை தானாகப் போய்த் தன் வழுக்கையைத் தடவியது.

இளைஞன் கனத்த பை ஒன்றைத் தூக்கி அவளிடம் நீட்டினான். அவ்வளவுதான், இவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"யாரு இவன்?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, நீங்களா?"

"ஏன், பிரஸ்ல இருப்பேன்னு நினைச்சியா?"

அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது அவனுக்காகப் பயப்படுகிற முகமாக இருந்தது.

"சார், கோபப்படாதீங்க. இது உணவு உதவி ஆபீஸ். நான் இங்க கிளார்க். அக்கா வாராவாரம்…"

"அக்காவாம் அக்கா! என் பொண்டாட்டிக்கு நீ எதுக்குய்யா சாமான் தரணும்? நான் போடற சோறு பத்தலையா?"

"நான் தரல சார், அரசாங்கம் தருது."

"நாங்க கேட்டமா? எங்க வீட்டுல யாராவது மனு போட்டமா?"

"மனுவே தேவையில்ல சார். தொழிலாளர் ஆபீஸ்ல பதியறது இப்ப நேரா எங்க கம்ப்யூட்டருக்கு வந்துடுது. பார்த்துட்டு நாங்களே வீட்டுக்குக் கடிதம் போட்டுடுவோம்."

"அப்போ என்னை ஏன் வர வேண்டாம்னு எழுதின?"

இளைஞன் தயங்கி அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

"அக்காதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க சார். கையெழுத்துப் போட நீங்கதான் வரணும், அதுதான் சட்டம். அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடும்னு அழுதாங்க. பெரிய ஆபீசர்கிட்டச் சொல்லி மாத்தி வாங்கிக் கொடுத்தேன்."

அவன் குரல் இறங்கியது. "எனக்கு என்ன தெரிஞ்சா?"

அவள் கிட்டே வந்து அவன் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அந்தக் கையை விடாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்:

"உங்களுக்கு வேலை போன மறுவாரமே கடிதம் வந்துடுச்சுங்க."