முற்றத்து அதிர்வு

"ஆட்டைக் கட்டி வையுங்கோ எண்டெல்லோ சொன்னனான், அன்ரி," என்றாள் மண்ணை ஆராய வந்திருந்த பஸ்மினா. றஞ்சிதம் அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள்.

கீரி என்ற அந்த ஊரில், றஞ்சிதத்தின் வீட்டு முற்றத்தில் பஸ்மினா அதிர்வுக் கருவியைப் புதைத்திருந்தாள். பாரத்தை மெல்லப் போட்டால் ஒரு கணக்காக ஆடும் மணல், ஓங்கிப் போட்டால் அந்தக் கணக்குக்கு நில்லாமல் இளகிவிடுமாம். நிலநடுக்கம் வந்தால் வீடுகள் என்னாகும் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம்.

"ஆடு கட்டித்தான் கிடக்கு, பிள்ளை."

"அப்ப ஆர் நடக்கிறது? நீங்கள் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து ஒவ்வொரு பின்னேரமும் பதியுது. கால் வைக்கிற அதிர்வு, இடையில தடி ஊண்டின மாதிரி இன்னொண்டு."

றஞ்சிதம் விறாந்தையைப் பார்த்தாள். அவள் கணவர் அருளப்பு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவள் தாங்கிப் பிடிக்காமல் அவர் எழுந்து நின்றதே இல்லை.

மத்தியானம் அவள் கழுவித் துடைத்துவிட்ட அவருடைய பாதங்களில் ஈர மணல் ஒட்டியிருந்தது.



"கயிறு அவிண்டிருக்கும், பிள்ளை. ஆடுதான்," என்றாள், விறாந்தைக்கும் கேட்கும்படி. "நாளைக்கும் நான் கோயிலுக்குப் போவன். திரும்பி வர நல்லா நேரம் செல்லும்."