உட்கார்ந்து மதிப்பிட்ட நாற்காலி

பழைய நாற்காலிக்கு விலை சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பழம்பொருள் கடை வைத்திருக்கும் நான், வந்ததும் வராததுமாக அதிலேயே உட்கார்ந்தேன். ஒரு கால் படக்கென்று முறிந்தது.

நூறு வருஷத்து அசல் தேக்கு என்பது, விழுந்த என் இடுப்புக்கே தெரிந்தது. நஷ்ட ஈடு கேட்டால் கடையையே விற்க வேண்டும். எழுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“இது போலிம்மா! டீத்தண்ணி பூசிப் பழசாக்கியிருக்கான். பூச்சி அரிச்ச ஓட்டைகூட ஊசியால குத்தினதுதான்.”

வீடு மாறப்போகும் அந்த இளம் தம்பதியின் முகம் வாடிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே!

“விவரம் தெரியாதவங்கன்னா தலையில கட்டிடுவானுங்க. வித்தவன் சட்டையைப் பிடிங்க, நானே சாட்சி சொல்றேன். என் கடைன்னா, போலியா இருந்தா முழுப் பணமும் திருப்பித் தருவேன்னு ரசீதுலயே எழுதிக் கொடுப்பேன்.”

“அதெல்லாம் எதுக்கு சார், விடுங்க” என்றான் கணவன்.

“பயப்படாதீங்க தம்பி. யாரு வித்தது?”

“வேண்டாம் சார்...”

“அட, நீயாவது சொல்லும்மா!”

அவள் பீரோவைத் திறந்து ஒரு ரசீதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“எங்க மாமனார் உங்ககிட்டதான் சார் வாங்கினாரு.”