துளிப் பிசிறில்லாமல்

"பாட்டு ஓடுறப்போ வீட்டுல வேற எந்தச் சத்தமும் உங்க காதுல விழாது சார். உங்க ரசனைக்கு ஸ்பீக்கரோட வர்ற இந்த மியூசிக் ஸ்ட்ரீமர்தான்," என்றார் கடைக்காரர். ரசனை என்ற சொல்லிலேயே தெய்வநாயகம் விழுந்துவிட்டார்.

பாட்டு ஓடும்போது அவரைக் கூப்பிட மனைவி கோமளம் முதலில் கத்திப் பார்த்தாள், பிறகு தோளைத் தட்டினாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். "குக்கர் விசில்கூடக் கேக்காது," என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொண்டார்.

ஒருநாள் மாலை கரன்ட் போயிற்று; வயலின் பாதியில் நின்றது. காபியை வைத்துவிட்டுத் திரும்பியவளிடம், "ஏதாவது பேசேன்," என்றார்.

"பேச என்ன இருக்கு?" என்றவள், எதிரே மெல்ல உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேங்க. எனக்கு..."

கரன்ட் வந்துவிட்டது.

கோமளத்தின் உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. அவளுக்கா, தாளத்துக்கா என்று தனக்கே தெரியாமல் தெய்வநாயகம் தலையாட்டினார். வயலின், விட்ட இடத்திலிருந்து துளிப் பிசிறில்லாமல் ஒலித்தது.