காருக்குப் பூ கேட்டார்கள்

"ரெண்டுமே ஒருத்தர் ஓட்டுன வண்டிதானுங்கப்பா. ஆனா இருபத்தொண்ணு மாடல் பறக்கும்" என்றான் யஷ்வந்த்.

"அதான் கண்ணு பயம். பதிமூணு மாடலே போதும்" என்றார் மில் முதலாளி திருமலைசாமி.

இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் கோவையில் ஒரே வியாபாரியிடம் நின்றன. ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டை. கடைசியில் சென்னிமலை முருகனிடம் பூ கேட்பது என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் புது மாடல், வெள்ளை வந்தால் பழையது. பூவை இலையில் மடிக்கும் வேலையை யஷ்வந்தே ஏற்றுக்கொண்டான். மலையேறும்போது பொட்டலங்கள் இருந்த பையை அப்பா வாங்கிக்கொண்டார்.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்து எடுத்துத் தட்டை நீட்டினார்.

"நீயே எடு அம்மணி" என்றார் திருமலைசாமி மனைவியிடம்.

யஷ்வந்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வியாபாரிதான். அவன் எடுக்கவில்லை.

வெங்கடம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரகாரம் சுற்றப் போனாள். யஷ்வந்த் தட்டில் கிடந்த மற்றதை அவசரமாகப் பிரித்தான். அதிலும் வெள்ளை.

அவன் மடித்தது இரண்டும் சிவப்பு. அதை யாரிடம் சொல்வது?

"நானே மடிக்கறேன்னு நீ முன்னால வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு கண்ணு" என்றார் திருமலைசாமி மெதுவாக. "உங்கம்மாவக் கட்டலாமான்னு எங்கப்பா இங்கதான் பூ கேட்டாரு. வெள்ளை வந்தாக் கட்டலாம்னாரு. அன்னிக்கு மடிச்சவன் நானு."