தொண்ணூற்றாறாம் பக்கம்

சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் ரமீஜா தன் கணவர் காசிமின் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் காட்டுப் புத்தகத்தை வாசிப்பாள். தேவகோட்டைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் கரடியும் ஓநாயுமாகப் பேனாவால் வரைந்த படங்கள். பக்கவாதத்தில் இடதுகால் விழுந்துபோன இந்த இரண்டு வருஷத்தில் அவர் ஆசையாகக் கேட்பது அது ஒன்றைத்தான்.

அதிலும் தொண்ணூற்றாறாம் பக்கம். பனி மூடிய மலைச்சரிவு, ஒற்றை மான் நடந்துபோன தடம். அதை வாசித்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

சித்திரை வெயிலில் ஒருநாள், அந்தப் பக்கத்தை வாசித்து முடித்து அவர் காலைத் துடைக்கப் போனவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பாதம் இரண்டும் ஐஸாகச் சில்லிட்டிருந்தன. விரலிடுக்கில் ஊசி ஊசியாகப் பச்சை இலைகள். காரைக்குடியில் அப்படியொரு மரமே கிடையாது.

"எங்குட்டுப் போயிட்டு வந்தீக?"

அவர் சிரித்தார். "நாளைக்கும் அதையே வாசி."

ரமீஜா மறுநாள் வாசிக்கும் முன் கம்பளி சாக்ஸை மாட்டிவிட்டாள். "அங்குட்டுக் குளிரும். மக்ரிபுக்குள்ள வந்துருங்க."

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டபோது அவர் கண்ணைத் திறந்தார். சாக்ஸ் தெப்பமாக நனைந்திருந்தது. ரமீஜா படத்தைப் பார்த்தாள். மான் தடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மனிதத் தடம் மேலே ஏறிப்போய்த் திரும்பி இறங்கியிருந்தது. கால் இழுபட்ட கோடு எங்குமில்லை. இடதும் வலதும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நாளைக்குள் காயவேண்டுமே என்று சாக்ஸை நன்றாகப் பிழிந்து கொடியில் போட்டாள்.