பாக்கெட் வேண்டாம்

"துணியத் திருடிட்டு என் உடம்பு மேல பழியப் போடுறியா?"

புதுசா தைச்ச டாப்ஸ் இடுப்புல இறங்கலன்னு ஊசி போட்ட கூச்சல்ல தெருமுனை டைலர் கடையில மிஷினே நின்னுபோச்சு.

ஊசிங்கிறது பட்டப்பேரு. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ அவ்வளவு ஒல்லி. இப்ப வயசு நாப்பத்தாறு. பல் டாக்டர்கிட்ட டோக்கன் எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திரிப்பா. பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

"நீங்க கொடுத்த அளவுச் சட்டைக்குத்தாம்மா தைச்சேன். கொஞ்சம் கூட்டி வெட்டட்டுமான்னு அப்பவே கேட்டேனே."

"எதுக்குக் கூட்டணும்? பெரிய டைலராம்! பில்லுல நாலுன்னு எழுதக்கூடத் தெரியல. கவுத்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கு!"

கடையில இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. டைலர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"ரெண்டு மாசத்துல என் தங்கச்சி கல்யாணம். நானே தைச்சு, நானே போட்டுக்கிட்டு, உன் கடை வாசல் வழியாவே நடந்து போறேனா இல்லையான்னு பாரு!"

நேத்து வரைக்கும் அவர் டைலரண்ணே. கோவம் வந்தா அவளுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

சவால் விட்டாச்சு. ஆனா அவளுக்கு மிஷின்ல நூல் கோக்கக்கூடத் தெரியாது. தெருவே கேட்டிருக்கு, இனி பின்வாங்கவும் முடியாது.

போன்ல தேடி ஒரு ஆன்லைன் வகுப்புல சேந்தா. டீச்சரம்மாவோட முகம் தெரியாது. கையும் மிஷினும்தான் தெரியும். குரல் மட்டும் நல்லா கணீர்னு இருக்கும்.

முதல் வாரம் புருஷனோட பழைய சட்டையில பழகினா. கை நுழையுற வழியையே சேத்துத் தைச்சுட்டா.

"இதுக்குள்ள நான் எந்த வழியா போறது?"ன்னு கேட்டான் அவன்.

"போக வேணாம். பேசாம இருங்க."

மூணாவது வாரம் டீச்சரம்மா சொன்னாங்க: "அவங்கவங்க அளவை எடுத்து விலாசத்தோட அனுப்புங்க. காகிதத்துல வெட்டி தபால்ல அனுப்புறோம். வெட்டுறது எங்க வீட்டுக்காரர். முப்பது வருஷக் கை. நீங்க துணி மேல வச்சு வெட்டினாப் போதும்."

ஊசி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இடுப்புல டேப்பைச் சுத்தினா. நாப்பது. மூச்சை உள்ள இழுத்தா. முப்பத்தொன்பது.

மூச்சை இழுக்கிறதுன்னா அவ நாத்தனார்தான் ஞாபகத்துக்கு வருவா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ மூச்சை இழுத்துப் பிடிச்சவ, மாப்பிள்ளை மடியிலயே மயக்கம் போட்டு விழுந்தா. இன்னைக்கு மூணு புள்ளைங்க. சரி, அதை விடுங்க.

ஊசி டேப்பைத் தூக்கிப் போட்டா. பழைய டேப்பு, சுருங்கியிருக்கும். 'இடுப்பு 34'ன்னு எழுதி அனுப்பினா. தன் கல்யாணத்தப்போ இருந்த அளவு.

ஒரு வாரத்துல காகிதம் வந்துச்சு. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து. தனியா மடிச்சு, பாக்கெட்டுக்கு ஒரு காகிதம்.

"பாக்கெட் வேணாம், இடுப்பு பெருசாத் தெரியும்"னு அதைப் பிரிக்காமலே டப்பாவுல போட்டா.

பூப்போட்ட நீலத் துணியில ராப்பகலா தைச்சா. பிரிச்சா. மறுபடி தைச்சா. விரல்ல குத்தாத இடமே இல்ல. கடைசித் தையல் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டுத் தலைவழியா மாட்டினா.

வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. அளவெடுத்த மாதிரி நின்னுச்சு.

"இங்க வாங்க! முப்பத்திநாலு! இன்னும் முப்பத்திநாலுதான் நானு!"

புருஷன் வேகமாத் தலையாட்டினான். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவன், தெரியாதா?

கல்யாணத்தன்னைக்குச் சொன்னபடியே டைலர் கடை வாசல் வழியா நடந்தா. நடந்தா மட்டும் போதுமா? நின்னா.

"பாத்தியா? சொந்தமா தைச்சது. முப்பத்திநாலு இடுப்புக்கு வெட்டினது. எப்படி நிக்குது? எங்க டீச்சர் ஒண்ணும் துணி திருடலையே!"

கடையில துணி கொடுக்க வந்தவங்க எல்லாரும் டைலரைத் திரும்பிப் பாத்தாங்க.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒருதடவை பாத்தார்.

"நல்லா நிக்குதும்மா. கை மடிப்பு ரொம்ப சுத்தம். வந்தா இப்படித்தான் தொழில் வரணும்."

"தோத்தவன் பேச்சைப் பாரு"ன்னு புருஷன்கிட்ட சொல்லிக்கிட்டே போனா.

கல்யாணத்துல அவ டாப்ஸைத் தொட்டுப் பாக்காத ஆள் இல்ல. தங்கச்சி மட்டும் சொன்னா, "எல்லாம் சரிக்கா, போனைக் கையிலயே தூக்கிக்கிட்டுத் திரியிறியே. ஒரு பாக்கெட் வச்சிருக்கலாம்ல?"

அதுவும் நியாயம்தான்னு பட்டுச்சு. மறுநாள் டப்பாவைத் திறந்து, அந்தப் பாக்கெட் காகிதத்தை எடுத்துப் பிரிச்சா.

உள்ள பென்சில்ல ரெண்டு வரி எழுதியிருந்துச்சு. எழுதினது அவளுக்கில்ல, டீச்சரம்மாவுக்கு. அதுல வந்த ரெண்டு நாலும், கவுத்துப் போட்ட நாற்காலி மாதிரியே இருந்துச்சு.

'நம்ம கடைக்கு வந்துக்கிட்டிருந்த அம்மா. 34-ன்னு எழுதியிருக்காங்க, நான் 40-க்கு வெட்டியிருக்கேன். நீ சொல்லிடாதே, மனசு வருத்தப்படுவாங்க.'