பவனியில் ஓர் அந்நியர்

"அந்த ஆளு வெள்ளிக்கிழமை நம்ம சர்ச்சுக்குள்ள கால் வெச்சா, நான் பாட மாட்டேன் ஐயா. எழுதியே கொண்டாந்துட்டேன்."

ஆயர் குடியிருக்கும் குருமனையின் முன்னறையில் உட்கார்ந்திருந்த ஞானாபரணம், சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து ஆயர் ரூபனிடம் நீட்டினார். ராயப்பேட்டையில் இருக்கும் அந்தச் சபையின் பாடகர் குழுவில் அவருக்கு நாற்பத்தோரு வருட சர்வீஸ். பெரிய வெள்ளிக்கிழமை பகலில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை அவருடைய தனிப்பாடல் இல்லாமல் இதுவரை முடிந்ததில்லை. இன்று திங்கள். நடுவில் மூன்றே நாள்.

தாளைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, யார் அந்த ஆள், என்ன செய்தான் என்று கேட்டார்.

ஞானாபரணம் விலாவாரியாகச் சொன்னார். மூன்று மாதம் கோவையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு சனிக்கிழமைதான் திரும்பியிருந்தார். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. அன்று காலையில் சபையார் ஓலை ஏந்தித் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு பவனி போவார்கள். முழங்கால் வலி வந்த பிறகு அவர் சர்ச்சிலிருந்து பவனியோடு நடப்பதில்லை. பவனி தன் தெருவுக்கு வரும்போது, கையில் ஓலையோடு முனையில் காத்திருந்து சேர்ந்துகொள்வார். சேர்ந்ததும் நேராக முன்வரிசைக்குப் போய்விடுவார். அது அவருடைய இடம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு யாரும் அங்கே நின்றதும் இல்லை. நேற்று அங்கே கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், கையில் மைக்கோடு ஓசன்னா பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்.

"யாருப்பா நீன்னு கேட்டா சிரிக்கிறான். நம்ம ஆளே இல்ல. மைக்கைப் பிடுங்கிட்டு, ஓரமாப் போன்னு தள்ளிவிட்டேன். அப்புறம் நான்தான் பாடினேன். நீங்க பின்னால வந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க."

பழைய ஆட்கள் ஒருவரையும் காணவில்லை, எல்லாம் சின்னஞ்சிறுசுகள், மூன்று மாதத்தில் சபையே மாறிவிட்டதா என்று அவருக்கு அது வேறு வருத்தம். இரண்டு தெரு பாடிக்கொண்டே போனவர், முழங்கால் மக்கர் பண்ணவும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இருந்த கோபத்தில் ஆராதனைக்கும் வரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து குருத்தோலை ஞாயிற்றில் அவர் சர்ச்சுக்குப் போகாதது இதுதான் முதல் தடவை.

சீஷர்களும் ஒருமுறை இதே மாதிரி புகாரோடு ஆண்டவரிடம் வந்தார்கள் என்று ஆயர் ஆரம்பித்தார். உம்முடைய பெயரைச் சொல்லி ஒருவன் பிசாசு ஓட்டுகிறான், நம்மோடு சேர்ந்தவன் இல்லை, அதனால் தடுத்துவிட்டோம் என்றார்கள். தடுக்க வேண்டாம், நமக்கு எதிராக இல்லாதவன் நம் பக்கம்தான் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார்.

"அது பிசாசு ஓட்டினவனுக்கு. இவன் என் இடத்தைப் பிடிச்சவன்."

ஞானாபரணம் லேசில் விடுகிற ஆளில்லை. வேதத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். தன்னோடு இராதவன் தனக்கு எதிரி என்றும் அதே ஆண்டவர்தானே சொன்னார், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மடக்கினார்.

ஆயர் தாளை ஓரமாக நகர்த்தினார். "நீங்க சொன்ன வார்த்தையை வெச்சு நம்மளைப் பார்த்துக்கணும் சார். நான் சொன்ன வார்த்தையை வெச்சு அடுத்தவங்களைப் பார்க்கணும். நாம மாத்திப் பிடிச்சிக்கிறோம்."

ஞானாபரணத்துக்கு அது பிரசங்கமாகப் பட்டது. பிரசங்கம் கேட்க அவர் வரவில்லை. அந்த ஆள் எந்தச் சபை என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவர் பவனியில் புகுந்து முன்னால் நிற்பது என்ன பழக்கம் என்று கேட்டு அவர்கள் ஆயருக்குக் கடிதம் போட வேண்டும். மன்னிப்புக் கேட்டு பதில் வரவேண்டும். வராவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று மணி நேரம் பாடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று ஆயருக்குத் தெரியும். அவரைவிட்டால் பாட ஆள் இல்லை என்பதும் தெரியும்.

"எந்த முனையில சேர்ந்தீங்க சார்?"

"எங்க தெரு முனைதான், எப்பவும் போல. ஏழு மணி இருக்கும்."

ஆயர் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கோபமோ சிரிப்போ இல்லாமல், அறிவிப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்.

"மெட்ரோ வேலைக்காக நம்ம சர்ச் வாசல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. கூட்டமா கடக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனால இந்த வருஷம் நம்ம பவனி வெளியவே வரல சார். காம்பவுண்டுக்குள்ளயே மூணு சுத்து சுத்தி முடிச்சிட்டோம். நீங்க ஊர்ல இல்லாதப்போ அறிவிச்சது."

ஆயர் அதே குரலில் தொடர்ந்தார்.

"உங்க தெருப் பக்கம் வந்தது லுத்தரன் சபைப் பவனி. அவங்க ஆயர் நேத்து சாயந்திரம் போன் பண்ணினார். யாரோ ஒரு பெரியவர் நடுவுல புகுந்து மைக்கைப் பிடுங்கிட்டாராம், பசங்க அவரைத் தூக்கி வெளிய விடப் போனாங்களாம். அவரும் ஆண்டவரைத்தானே பாடறாரு, தடுக்காதீங்கன்னு சொல்லி அவங்களை நிறுத்தினது அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர்தானாம்."